முதலில் செய்தது யார்? ஹவுஸ் இசை ஆவணப்படங்களும் நம்ம ஊர் மைக் செட்டும்

ஹவுஸ் இசை, ரேவ் கலாச்சாரம் பற்றி டிவிக்காக எடுத்த ஆவணப்படங்களை வரிசையாக உட்கார்ந்து பார்த்தால், மூன்றாவது படத்திலேயே கதையின் போக்கு பிடிபட்டுவிடும். முதலில் நியூயார்க், சிகாகோ. நடுவில் கொஞ்ச நேரம் டெட்ராய்ட். பிறகு ஸ்பெயினின் இபிஸா தீவில் ஒரு கோடைக்காலம். அங்கிருந்து லண்டன். வயல்வெளியில் விடிய விடிய ஆடும் பல்லாயிரம் பேர். பத்திரிகைகளின் கூச்சல், போலீஸ், சட்டம். கடைசியில் தலை நரைத்த ஒருவர் பழைய நாட்களை நினைத்துச் சிரிப்பார். பெயர்கள் முடிந்து திரை இருட்டாகும்.

லால்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களின் மைக் செட், ரெக்கார்டு டான்ஸ் பற்றிக் கொஞ்ச காலமாகக் குறிப்புகள் சேர்த்துவருகிறேன். ஆடுவதற்கென்றே இருக்கிற இசையின் வரலாற்றை மற்ற ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. இவற்றில் பெரும்பாலானவை “இதை முதலில் செய்தது யார்?” என்றே கேட்கின்றன. “யார் ஆடினார்கள், எங்கே ஆடினார்கள், அந்த இடம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?” என்ற கேள்வி ஓரத்துக்குப் போய்விடுகிறது. இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது, சரண்ஜித் சிங்கின் கதை. அதற்கு வருமுன் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

ஹவுஸ் என்றால் என்ன?

1977-ல் சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்று ஒரு கிளப் திறந்தார்கள். நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே டிஜே. ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள்; அவர்களிலும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களே அதிகம். வெளியே வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். அந்தக் கிளப்பில் ஓடுகிற மாதிரியான பாட்டு என்ற பொருளில்தான் ‘ஹவுஸ்’ என்ற பெயர் வந்தது. கிளப்பின் பெயரில் பாதி, இசையின் பெயராகிவிட்டது.

அப்போது அமெரிக்காவில் டிஸ்கோ மேல் கடும் வெறுப்பு கிளம்பியிருந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில், ஒரு ரேடியோ அறிவிப்பாளரின் ஏற்பாட்டில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். சுமார் 50,000 பேர் கூடிய கூட்டம் அது. அன்று மைதானத்தில் இருக்கை காட்டும் வேலை பார்த்த கறுப்பினப் பையன் வின்ஸ் லாரன்ஸ். உடைக்கக் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததைப் பார்த்ததாகப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே வின்ஸ் லாரன்ஸ்தான் 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ என்ற தட்டை உருவாக்கினார். ஹவுஸ் இசையின் முதல் தட்டு என்று பலரும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. வயலின் கூட்டம், டிரம்ஸ் கலைஞர் என்று ஆள் வைத்துப் பதிவு செய்யப் பணமில்லை. கையில் இருந்தது மலிவு விலை டிரம் மெஷின். ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808, டிஆர்-909 போன்ற பெட்டிகள். நாலு அடிக்கு நாலு உதை, நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி. இவ்வளவுதான் ஹவுஸின் எலும்புக்கூடு. வறுமையும் தடையும் சேர்ந்து ஒரு இசைக்கு உருவம் கொடுத்தன என்று சொன்னால் மிகையில்லை.

படங்கள் கதையை எப்படி வளைக்கின்றன

பிரிட்டனின் சேனல் 4, 2001-ல் காட்டிய ‘பம்ப் அப் தி வால்யூம்’ இந்த வகைப் படங்களில் முக்கியமானது. கார்ல் ஹிண்ட்மார்ச் இயக்கியது. சிகாகோவுக்கு உரிய இடத்தைக் கொடுத்து, நக்கிள்ஸ் போன்றவர்களைப் பேசவைத்த படம். இன்றைக்கு நக்கிள்ஸ் இல்லை, 2014-ல் இறந்துவிட்டார். அவர் பேச்சு பதிவாகியிருப்பதற்கே அந்தப் படத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட நல்ல படங்களிலும்கூட மூன்று பழக்கங்களைக் காண்கிறேன்.

முதல் பழக்கம், உயிரோடு இருப்பவர்களே வரலாறு ஆகிவிடுவது. சிகாகோவில் நக்கிள்ஸுக்கு நிகராகச் சொல்லப்படும் டிஜே ரான் ஹார்டி 1992-ல் இறந்துவிட்டார். நியூயார்க்கின் ‘பாரடைஸ் கராஜ்’ கிளப்பை ஆட்டிவைத்த லாரி லெவனும் அதே 1992-ல் போய்விட்டார். அந்தக் கிளப்புகளில் ஆடிய எத்தனையோ பேரை எய்ட்ஸ் கொண்டுபோனது. 2001-ல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் பேச யார் மிச்சம்? பேச வந்தவர்களின் நினைவு அளவுக்குத்தான் கதையும் இருக்கும்.

இரண்டாவது, படம் எங்கே இருக்கிறதோ அங்கே கதை நகர்ந்துவிடுவது. சிகாகோ கிளப்புகளுக்குள் அந்தக் காலத்தில் எடுத்த காட்சிகள் மிகக் குறைவு. தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வந்து ஆடிய கூட்டத்தை யார் படமெடுப்பது? பிரிட்டனில் நிலைமை தலைகீழ். 1988-லேயே கிரானடா டிவியின் ‘வேர்ல்டு இன் ஆக்‌ஷன்’ நிகழ்ச்சி ஆசிட் ஹவுஸ் பற்றி ஒரு பகுதி எடுத்துக் காட்டிவிட்டது. 1989-ல் லண்டனைச் சுற்றிய எம்25 சாலையோரம் நடந்த ரேவ்களைச் செய்திக் கேமராக்கள் துரத்தின. எடிட்டிங் மேசையில் ஒரு பக்கம் நாலு பழைய புகைப்படம், இன்னொரு பக்கம் மணிக்கணக்கில் வண்ணக் காட்சி. எது அதிக நேரம் ஓடும் என்று சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, நாலு பேர் ஊருக்குப் போய் வந்த கதை. 1987 கோடையில் பால் ஓக்கன்ஃபோல்ட், டேனி ராம்ப்ளிங், நிக்கி ஹாலோவே, ஜானி வாக்கர் என்ற நாலு டிஜேக்கள் இபிஸாவுக்குப் போனார்கள். அங்கே ‘அம்னீசியா’ கிளப்பில் அர்ஜென்டினாக்காரரான ஆல்ஃப்ரெடோ போட்ட இசையைக் கேட்டு மயங்கினார்கள். திரும்பி வந்து லண்டனில் ‘ஷூம்’ போன்ற கிளப்புகளைத் தொடங்கினார்கள், பிரிட்டனுக்கு ஹவுஸ் வந்தது. இதைச் சொல்லாத படமே இல்லை எனலாம். சினிமாவுக்கு ஏற்ற கதைதான்: நண்பர்கள், கடற்கரை, திடீர் ஞானம்.

தேதியைப் பாருங்கள். ஸ்டீவ் ‘சில்க்’ ஹர்லியின் ‘ஜாக் யுவர் பாடி’ என்ற சிகாகோ ஹவுஸ் தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 1987 ஜனவரியில். அதற்கு முந்தைய ஆண்டே ஃபார்லி ‘ஜாக்மாஸ்டர்’ ஃபங்க்கின் தட்டு முதல் பத்துக்குள் வந்துவிட்டது. அந்த நாலு பேரும் விமானம் ஏறுமுன்பே ஹவுஸ் பிரிட்டனுக்கு வந்து, பட்டியலின் உச்சிக்கும் போய்விட்டது! மான்செஸ்டர், நாட்டிங்ஹாம் போன்ற வடக்கு ஊர்களின் கிளப்புகளில், முக்கியமாக அங்கிருந்த கறுப்பின இளைஞர்கள் நடுவே, அது ஓடிக்கொண்டிருந்தது. இபிஸா பயணம் நடக்கவில்லை என்று சொல்லவரவில்லை. லண்டனில் ஒரு புதுக் கூட்டத்தை அது உருவாக்கியது உண்மை. ஆனால் அதை ‘ஆரம்பம்’ என்று வைத்தால், அதற்குமுன் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள்.

வேறு மாதிரியும் எடுக்கலாம்

இந்த அச்சிலிருந்து வெளியே வந்த படம் ஒன்று உண்டு. ஜெரமி டெல்லர் 2018-ல் எடுத்து, 2019-ல் பிபிசி 4-ல் வந்த ‘எவ்ரிபடி இன் தி பிளேஸ்’. லண்டனில் ஒரு பள்ளி வகுப்பறை. மேல்நிலை வகுப்பு மாணவர்கள். பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். டெல்லர் வாத்தியார் மாதிரி நின்று பழைய காட்சிகளைப் போட்டுக்காட்டிப் பேசுகிறார். நரைத்த தலை டிஜேக்களின் நினைவலைகளை அவர் நம்பவில்லை.

அவர் தொடங்குவது இபிஸாவில் இல்லை. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில். ஆலைகளும் கிடங்குகளும் மூடிக் கிடக்கின்றன. அந்தக் காலிக் கிடங்குகளில்தான் ரேவ் நடக்கிறது. வேலைநிறுத்தத்தை அடக்கப் பழகிய போலீஸ், பிறகு ரேவ்களையும் மறிக்கிறது. இசையை முதலில் செய்தது யார் என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. ஒரு நாட்டில் வேலை எப்படி மாறியது, கட்டடங்கள் ஏன் காலியாயின, கூடி நிற்பது எப்போது குற்றமாயிற்று என்பதுதான் கதை.

சட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1992 மே மாதம் காஸில்மார்ட்டன் என்ற இடத்தில் பல்லாயிரம் பேர் கூடி நாள்கணக்கில் ஆடினார்கள். அதன் விளைவுகளில் ஒன்று 1994-ன் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம். திறந்தவெளியில் 100 பேர் அல்லது அதற்கு மேல் கூடி, இரவில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்குத் தொந்தரவாக இசை போட்டால் கலைக்கலாம் என்றது. எது இசை என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கத்தில், திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளை முக்கியமாகக் கொண்ட ஒலிகளும் அடக்கம் என்று தனியாகவே எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கில் நம்ம நையாண்டி மேளமும் பறையும் கண்டிப்பாக உள்ளே வந்துவிடும்.

சரண்ஜித் சிங்கும் பத்து ராகமும்

இப்போது இந்தியாவுக்கு வருவோம். சரண்ஜித் சிங் 1940-ல் பிறந்தவர். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கிதார், பேஸ், கீபோர்டு என்று பலதும் வாசித்தவர். 1980-களின் தொடக்கத்தில் ரோலண்டின் மூன்று பெட்டிகள் அவர் கையில் இருந்தன: ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின். அவற்றை இணைத்து 1982-ல் அவர் செய்த இசைத்தட்டு ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. எச்எம்வி வெளியிட்டது. விற்பனை ஒன்றும் பெரிதாக இல்லை. எடோ போமன் என்ற டச்சுக்காரர் 2002-ல் டெல்லியில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து, 2010-ல் மறுபடி வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. காரணம் டிபி-303.

அது கிதார்காரர்கள் வீட்டில் பயிற்சி செய்யும்போது பின்னால் பேஸ் வாசிக்க ஆளில்லாத குறையைத் தீர்க்க வந்த சின்னப் பெட்டி. சத்தம் நிஜ பேஸ் கிதார் மாதிரி இல்லை. ஏறத்தாழ 10,000 பெட்டிகளோடு 1984-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த அதைத்தான் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவினர் வாங்கித் திருகிப் பார்த்தார்கள். ஒரே ஸ்வரக்கோவை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்க, குமிழ்களைத் திருகத் திருக சத்தம் கீச்சிட்டு, குழைந்து, வழுக்கி மாறும். அந்தச் சத்தம்தான் ஆசிட் ஹவுஸ். அவர்களுடைய ‘ஆசிட் டிராக்ஸ்’ தட்டாக வந்தது 1987-ல். சரண்ஜித்தின் தட்டு அதற்கு ஐந்து ஆண்டு முன்பே வந்துவிட்டதே! உடனே தலைப்புகள் பறந்தன: ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர், அதுவும் தற்செயலாக.

தட்டைக் கேட்டுப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கும். நம்ம காதுக்கு அது வேறொரு கதையைச் சொல்கிறது. பத்து ராகங்களில் பூபாளி நம்ம மோகனம். யமன் நம்ம கல்யாணி. மால்கௌன்ஸ், ஹிந்தோளம். கலாவதி, வலஜி. பைராகி, ரேவதி. ‘தோடி’ என்று போட்டிருப்பது நம்ம தோடி இல்லை, சுபபந்துவராளியின் ஸ்வரங்கள். நம்ம தோடியின் ஸ்வரங்கள் வேண்டுமென்றால் அவருடைய பைரவியைக் கேட்க வேண்டும். கீழே பெட்டி ராகத்தின் ஸ்வரங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது, தம்புரா இடத்தில் ஓடுகிற எந்திரம் மாதிரி. மேலே அவர் கை ராகத்தை விரித்து வாசிக்கிறது. 303-ல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. நம்ம ஜாருவுக்குக் கிட்டத்தில் வரும். ராகம் வாசிக்க அது தோதாக அமைந்துவிட்டது.

ஃபியூச்சர் குழு செய்தது குமிழ் திருகல். ராகம் அல்ல, ஸ்வரம்கூட அங்கே முக்கியமில்லை. சரண்ஜித் செய்தது, டிஸ்கோ மோகம் பிடித்திருந்த பம்பாயில் ஒரு சினிமா வாத்தியக்காரர் புதுப் பெட்டியை வைத்து ராகம் வாசித்தது. 1980-ல் ‘குர்பானி’, 1981-ல் நாஸியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’, 1982 கடைசியில் ‘டிஸ்கோ டான்ஸர்’ படம் என்று ஊரே டிஸ்கோவாக இருந்த காலம். பெட்டி ஒன்று, வேலை வேறு வேறு.

முக்கியமான வித்தியாசம் இன்னொன்றும் உண்டு. ‘ஆசிட் டிராக்ஸ்’ தட்டாக வருமுன்பே டேப்பில் ரான் ஹார்டியின் கைக்குப் போனது. அவர் தன் கிளப்பில் போட்டார். கூட்டம் முதலில் முழித்தது. விடாமல் ஒரே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். கடைசியில் கூட்டம் பித்துப் பிடித்து ஆடியது என்று அந்தக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். சரண்ஜித்தின் தட்டுக்கு அப்படியொரு ரான் ஹார்டி இல்லை. ஆடும் அறையும் இல்லை. வகைமை என்பது பெட்டிக்குள் பிறப்பதில்லை; போடுகிறவரும் ஆடுகிறவர்களும் சேர்ந்து அடுத்த வாரமும் அதையே கேட்கும்போதுதான் பிறக்கிறது.

அதே 1982-ல் வந்த ‘சகலகலா வல்லவன்’ படத்தின் புத்தாண்டுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜா இசை. நாற்பது ஆண்டு தாண்டியும் டிசம்பர் 31 ராத்திரி 12 மணிக்குத் தமிழ்நாட்டில் அதுதான் ஓடுகிறது. ஆட்ட இசையின் வரலாறு என்று எழுதினால் எதற்கு அதிகப் பக்கம் கொடுக்க வேண்டும்? ‘கண்டுபிடித்த முதல் ஆள்’ என்ற கதை சரண்ஜித்துக்கும் நியாயம் செய்யவில்லை. 2015-ல் அவர் இறந்தபோதும் சிகாகோவோடு ஒப்பிட்டுத்தான் பேசினார்கள். பம்பாய் இசைக்குழுக்களில் அவர் பல்லாண்டு உழைத்தது ஒரு வரியில் முடிந்துபோனது.

கோவா: கேமரா யாரைப் பார்த்தது

ரேவ் என்றதும் இந்தியாவில் எல்லாருக்கும் நினைவு வருவது கோவா. கலிஃபோர்னியாவிலிருந்து 1970-ல் வந்து சேர்ந்த கில் என்பவர் ‘கோவா கில்’ ஆகி, அஞ்சுனா கடற்கரையில் விடியும்வரை இசை போட்டார், 2023-ல் இறந்தார். வெயிலிலும் தூசியிலும் இசைத்தட்டு தாக்குப்பிடிக்காது என்பதால் கோவாவின் டிஜேக்கள் கேசட்டிலும் டாட் டேப்பிலும் வாசித்தார்கள் என்பது அந்த இசையின் உருவத்தையே பாதித்த விஷயம். ஜெர்மானியர் மார்கஸ் ராபின் எடுத்த ‘லாஸ்ட் ஹிப்பி ஸ்டாண்டிங்’ போன்ற படங்கள் இந்தக் கதையைச் சொல்கின்றன. பழைய ஹிப்பிகளின் முகம், அவர்கள் எடுத்த சூப்பர்-8 காட்சிகள், போன காலத்துக்கான ஏக்கம்.

ஆட்டம் நடந்த இடத்தைச் சுற்றிப் பாய் விரித்து, மண்ணெண்ணெய் விளக்கு வைத்து, ராத்திரி முழுக்க டீ விற்ற உள்ளூர்ப் பெண்களும் அந்தக் காட்சிகளில் உண்டு, பின்னணியில். அவர்களுக்கு அந்த இரவுகள் என்னவாக இருந்தன? எவ்வளவு கிடைத்தது? கோவாவின் ஆட்டக் களத்தில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் நடுவே விழுந்திருந்த கோட்டைப் பற்றி அருண் சல்தான்ஹா 2007-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்: ‘சைகடெலிக் வைட்’. எந்த நேரத்தில் யார் களத்தில் இருந்தார்கள், யார் பாயில் உட்கார்ந்தார்கள், யார் ஓரத்தில் நின்றார்கள் என்று கவனித்து எழுதிய ஆய்வு. டிவி ஆவணப்படம் கேட்க மறந்த கேள்விகள் அதில் இருக்கின்றன.

நம்ம பக்கம்

‘டிஸ்கொதே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இசைத்தட்டுகளின் சேகரம் என்றுதான் பொருள். நூலகம் என்பதற்கான சொல்லைப் பார்த்து உண்டாக்கியது. வாத்தியக்காரர் இல்லாமல் தட்டு போட்டு ஆடும் இடம் என்று பிறகு அர்த்தமாயிற்று. நம்ம ஊரில் அதற்கு என்ன பெயர்? ரெக்கார்டு டான்ஸ். சொல்லிலேயே விஷயம் இருக்கிறது.

மைக் செட்காரர் வேலையை யோசித்துப் பாருங்கள். திருவிழா அன்று விடியற்காலை முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. ஆடி மாதம் என்றால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு வரிசை கட்டும். வெயில் ஏறியதும் பழைய சினிமாப் பாட்டு. சாயங்காலம் கூட்டம் சேரும்போது வேகம் கூடும். சாமி புறப்படும் நேரம், கூழ் ஊற்றும் நேரம், இளவட்டங்கள் ஆடும் நேரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பாட்டு. எந்த மணிக்கு எந்தப் பாட்டு, எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பது எழுதிவைக்காத ஞானம். “அண்ணே, அதைப் போடுங்க” என்று பையன்கள் வந்து நிற்கும்போது போடாமல் பத்து நிமிடம் காக்கவைப்பதும் அதில் சேர்த்தி. நக்கிள்ஸ் வேர்ஹவுஸில் செய்ததற்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? மேடையேறி அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

லால்குடி என்றதும் உலகம் முழுக்க நினைவு வருவது வயலின் மேதை லால்குடி ஜெயராமன். 1930-ல் பிறந்து 2013-ல் மறைந்தவர். அவருடைய மோகனகல்யாணி தில்லானா தெரியாத கச்சேரி ரசிகர் கிடையாது. அந்த இசை பதிவாகிப் பாதுகாக்கப்பட்டதற்கு ஒரு அமைப்பு இருந்தது. 1939-லேயே திருச்சியில் அகில இந்திய வானொலி வந்துவிட்டது. சபாக்கள், விமர்சகர்கள், கேசட் கம்பெனிகள், சிஷ்ய பரம்பரை எல்லாம் இருந்தன. அதே ஊரின் திருவிழாத் தெருவில், அதே ஐம்பது வருடங்களாக, கூம்பு ஸ்பீக்கரில் ஓடியதற்கு இதில் எதுவுமே இல்லை. ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்று சொல்லவில்லை. ஒன்றின் வரலாற்றை எழுதத் தேவையானது எல்லாம் அலமாரியில் இருக்கிறது. மற்றதின் வரலாறு வயதானவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

டிவியில் வரவே இல்லையா என்றால், வருகிறது. ‘ஆடல் பாடல் நிகழ்ச்சியில் ஆபாச நடனம்’ என்ற செய்தியாக. மங்கலான செல்போன் காட்சி, முகத்தை மறைத்த ஆட்டக்காரப் பெண், போலீஸ் விசாரணை. 1988-ல் ஆசிட் ஹவுஸுக்கு பிரிட்டனில் நடந்ததும் இதுதான். ‘தி சன்’ பத்திரிகை முதலில் சிரித்த முகம் போட்ட டி-ஷர்ட் விற்றது. சில வாரங்களில் அதே பத்திரிகை ஊரைக் கெடுக்கும் பேய் என்று எழுதியது. அந்தச் செய்திப் படங்கள்தான் பிற்பாடு ஆவணப்படங்களின் மூலப்பொருளாயின. நம்ம ஊரைப் பற்றி முப்பது வருடம் கழித்து யாராவது படம் எடுத்தால், அவர்கள் கைக்குக் கிடைக்கப்போவதும் இந்த மங்கல் காட்சிகள் மட்டும்தானா?

சட்டமும் இங்கே உண்டு. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் விழா நாட்களில், வருடத்துக்கு 15 நாள் மிகாமல், நள்ளிரவுவரை தளர்த்தலாம். 2005-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. தூங்க வேண்டிய குழந்தை, நோயாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எல்லாரையும் நினைத்தால் இந்த விதி தேவைதான். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போவார்கள். மதுரைக் கிளையில் திருவிழாக் காலத்தில் இப்படி மனுக்கள் குவியும். ஆபாசம் கூடாது, சாதி, கட்சி சார்ந்த பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு உத்தரவு வரும். என் பார்வையில் இந்த உத்தரவுகள்தான் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் முக்கியமான எழுத்து ஆவணம். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தேதி, என்ன பயம் என்று அவற்றில் இருக்கிறது. டெல்லர் பாணியில் ஒரு படம் எடுப்பவருக்கு அங்கேயிருந்து தொடங்கலாம்.

சாதியையும் கேட்டாக வேண்டும். சிகாகோ கதையிலிருந்து கறுப்பின, தன்பாலின ஈர்ப்புள்ள கூட்டத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பெட்டியும் குமிழும்தான். அதுபோல, பறை அடித்தவர் யார், கரகம் ஆடியவர் யார், எந்தத் தெருவுக்குள் எந்த ஊர்வலம் போக முடிந்தது, மைக் செட் வந்தபோது யாருக்கு வேலை போயிற்று என்று கேட்காமல் எழுதினால் நம்ம வரலாறும் வெறும் ஆம்பிளிஃபையர் வரலாறாக முடிந்துவிடும்.

யாராவது படம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் பழைய மைக் செட்காரர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். செல்போனை ஆன் செய்து பக்கத்தில் வைத்துவிட்டு இதையெல்லாம் கேளுங்கள்: முதல் செட் எந்த வருடம் வாங்கினீர்கள், எங்கே, என்ன விலை? ஒரு நாள் வாடகை எவ்வளவு? தட்டு போய் கேசட் எப்போது வந்தது, கேசட் போய் பென் டிரைவ் எப்போது வந்தது? எந்தப் பாட்டைப் போட்டால் கூட்டம் எழுந்தது? எந்தத் தெருவில் போடக்கூடாது என்று சொன்னார்கள், யார் சொன்னார்கள்? ரெக்கார்டு டான்ஸ் குழுவில் ஆடிய அக்காக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், பேச விரும்புகிறார்களா? விரும்பாதவர்களை விட்டுவிடுங்கள்; அவர்கள் முகத்தை டிவி ஏற்கெனவே போதுமான அளவு துரத்திவிட்டது.

‘முதலில் யார்’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் “நான்தான்” என்பார்கள்.